குழந்தைசாமியின் மூச்சு

பொன்மலையில் முதலில் காணாமல் போனது இருமல். மார்கழி முடிந்து தை பிறந்த சமயம், ரயில்வே ஒர்க்ஷாப் சங்கு ஊதி ஆட்கள் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஆர்மரி கேட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இருமுவதையே பகுதிநேர வேலையாக வைத்திருந்த ஓய்வுபெற்ற ஃபிட்டர்கள் வழக்கம்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, எல்லாம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இருமல் இருக்கிறது, சத்தம்தான் இல்லை, அதற்கு மாத்திரை கிடையாது என்று அனுப்பிவிட்டார். ஊருக்கு இதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. மாதா கோயிலில் சாமியாரின் பிரசங்கம் முதல்முறையாக ஆரம்பத்திலிருந்து கடைசிவரை காதில் விழுந்தது, விழுந்த பிறகுதான் அதுவரை இருமல் தங்களுக்கு எவ்வளவு உபகாரம் செய்துவந்தது என்பது சிலருக்குப் புரிந்தது.

அடுத்தது நாற்காலி. இழுத்தால் கிறீச்சிடாத நாற்காலிகளைக் கண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதன்பிறகு கண்ணாடி. எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் தெரு முழுக்கக் கேட்டது, கண்ணாடி டம்ளர் பஞ்சு விழுந்த மாதிரி விழுந்து, காலில் குத்திய பிறகுதான் உடைந்த விஷயம் தெரிந்தது, அதனால் ஊரில் எல்லாரும் வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடக்கப் பழகினார்கள். அதன்பிறகு மூச்சு. குறட்டை நின்ற முதல் இரவு பெண்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள், மறுநாளிலிருந்து புருஷன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்கள். பெருமூச்சு விட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்பதால் மனக்குறையை வாயைத் திறந்து சொல்ல வேண்டிய கட்டாயம் வந்து, சில குடும்பங்கள் அதனால் உருப்பட்டன, சில குடும்பங்கள் அதனாலேயே பிரிந்தன. வந்ததையெல்லாம் ஊர் இப்படி வாங்கி வாங்கி மடியில் கட்டிக்கொண்டது.

கடைசியாகப் போனது குழந்தைகளின் அழுகை. அதை மட்டும் ஊரால் மடியில் கட்ட முடியவில்லை.

வாய் திறந்திருக்கும், நாக்கு நடுங்கும், முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்துபோகும், அறையில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். தாய்மார்கள் குழந்தையை விட்டு அந்தப் பக்கம் திரும்பப் பயந்தார்கள், குளிக்கப் போனால் ஒரு ஆளைக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள், அந்த ஆள் கண்ணைச் சிமிட்டினால் சண்டைக்குப் போனார்கள். திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு வெள்ளிக்கடைக்காரர் உள்ளங்கை அகலத்துக்கு முத்து வைத்த கொலுசு ஒன்று செய்து ‘பொன்மலைக் கொலுசு’ என்று போர்டு மாட்டினார், குழந்தை அழுதால் காலை உதைக்கும், உதைத்தால் கொலுசு பேசும் என்பது கணக்கு. கொஞ்ச நாளில் காலனி முழுக்க ஜல் ஜல் என்று ஒரே சத்தம், புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லாக் குழந்தையும் காலை உதைத்து அழுவதில்லை. சில குழந்தைகள் உடம்பை விறைத்துக்கொண்டு, ஒரு விரலைக்கூட அசைக்காமல் அழும். ரயில் பெட்டி பழுதுபார்க்கும் கேரியேஜ் ஷாப்பில் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்ற இன்னாசியின் பேத்தி அந்த ரகம்.

இன்னாசியின் மகள் ஜெசிந்தா தலைப்பிரசவத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தபோது அழுகைச் சத்தம் வராமல் நர்ஸ் பயந்து, தலைகீழாகப் பிடித்து, உள்ளங்காலில் தட்டி, அப்புறம்தான் கன்னத்தில் ஓடிய ஈரத்தைப் பார்த்து, “அழுதுட்டா, அழுதுட்டா, எழுதிக்குங்க” என்றாள். பொன்மலையில் பிறந்த குழந்தையை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் சத்தம் வருவதில்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. சம்பந்தியம்மாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள், அவள் ஒன்றும் சொல்லாமல் போனதை வைத்து இன்னாசியின் மனைவி செலின் ஒரு வாரம் அழுதாள்.

இன்னாசி அழவில்லை. அவருக்கு அழுகிற தகுதி இல்லை. இருமல், நாற்காலி, கண்ணாடி, மூச்சு, குழந்தை என்று ஊர் இழந்த வரிசையை ஊரிலேயே அவர் ஒருவர்தான் முன்கூட்டித் தெரிந்துவைத்திருந்தார். ஏனென்றால் அந்த வரிசையில்தான் அவர் அழித்திருந்தார்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் பொன்மலை ஜாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலில் சனிக்கிழமைதோறும் டான்ஸ் நடக்கும், ‘ரவுண்ட்ஹவுஸ் பாய்ஸ்’ என்ற பாண்டு வாசிக்கும், பகலில் எஞ்சினுக்கு அடியில் படுத்துக் கரி பூசிக்கொண்டவர்கள் சாயங்காலம் வெள்ளைக் கோட்டுப் போட்டு மேடையில் நிற்பார்கள். அந்தப் பாண்டில் சாக்ஸபோன் வாசித்தவர்கள் இரண்டு பேர். டெரிக் பின்டோ ஆங்கிலோ-இந்தியர், எஞ்சின் டிரைவரின் மகன், தலையில் ஒரு முடி கலையாது. குழந்தைசாமி சாவு வீட்டு பாண்டில் கிளாரினெட் வாசித்துவிட்டு அங்கிருந்து வந்தவர். இரண்டு பேரும் செத்து, பாண்டு கலைந்து, டான்ஸ் ஆடியவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, ஹாலில் கல்யாண வரவேற்பு நடக்க ஆரம்பித்த பிறகும், இரண்டு பேரில் யார் பெரியவர் என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. அது ஒரு வாட்ஸப் குழுவில் குடியேறியது. பெர்த்திலும் மெல்போர்னிலும் பெரம்பூரிலும் துபாயிலும் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல நேரமில்லாதவர்கள் பின்டோவுக்காகவும் குழந்தைசாமிக்காகவும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பின்டோ சுரத்துக்கு எண்ணெய் தடவி விடுவார் என்பான் ஒருவன், குழந்தைசாமி சுரத்தைக் கடித்துத் துப்புவார் என்பான் இன்னொருவன், கடித்துத் துப்ப அது என்ன கரும்பா என்று மூன்றாமவன் நுழைவான், அதோடு அன்றைக்குச் சோறு தண்ணி இல்லை.

இன்னாசி பின்டோ கட்சி. எதிர்க் கட்சிக்குத் தலைவர் கலியமூர்த்தி, பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பக்கத்திலேயே திருவெறும்பூரில் இருந்தார். ஒரு டவுன் பஸ் தூரம்தான், ஆனால் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பெர்த் வழியாகத்தான் சண்டை போட்டார்கள், நேரில் பார்த்துக்கொண்டது ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தபோதுதான், அப்போதும் ரசம் பற்றி மட்டும் பேசினார்கள்.

சண்டையின் உச்சம் ஒரே ஒரு பதிவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை டான்ஸ் ஒன்றை யாரோ ஸ்பூல் டேப்பில் எடுத்ததாகவும், அதில் ஒரு மெதுவான பாட்டின் நடுவே வரும் சாக்ஸபோன் தனியாவர்த்தனத்துக்கு இணையாக அந்த ஹாலில் எதுவும் கேட்டதில்லை என்றும், கேட்ட எல்லாரும் சொன்னார்கள். வாசித்தது யார் என்பதில்தான் தகராறு. டேப் யாரிடமும் இல்லை. ஏலத் தளங்களில் தேடினார்கள், பாட்டுக்காரர்கள் கூடும் வெளிநாட்டுப் பக்கங்களில் போய்த் தேடினார்கள், எவனோ ஒருவன் ‘பொன்மலை ஜாஸ், அரிய பதிவு’ என்று போட்ட இணைப்பைத் தட்டினால் மீன் குழம்பு வைப்பது எப்படி என்று வந்தது. ஆனால் டேப் கிடைத்தால் விடை சொல்வது சுலபம் என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகமில்லை. குழந்தைசாமிக்குச் சின்ன வயதிலேயே மூக்குத்தண்டு வளைந்திருந்தது. நீளமான சுரத்துக்கு முன்னால் அவர் மூச்சை இழுத்தால் ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். பின்டோ மூச்சு விடுகிறாரா என்பதே சந்தேகம். ஆகவே பாட்டைக் கேட்க வேண்டாம், பாட்டுக்கு முன்னால் வரும் மூச்சைக் கேட்டால் போதும். இப்படி இசையை விட்டுவிட்டு இசைக்கு வெளியே இருப்பதை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கூட்டத்தின் வித்தை.

அந்த டேப் இன்னாசிக்கு வாரச் சந்தையில் கிடைத்தது, பழைய இரும்போடு இரும்பாக. பிளேயர் தேடிப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். யாரோ இருமினார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணாடி கிளாசுகள் மோதிக்கொண்டன. அப்புறம் ஈரத்துணி கிழிந்தது.

குழந்தைசாமி.

வாசிப்பு அப்படி இருந்தது. இன்னாசியின் கை மயிர் நட்டுக்கொண்டது, ஒரு குழந்தை எங்கோ பின்வரிசையில் வீறிட்டு அழ, அந்த அழுகைக்குப் பதில் சொல்கிற மாதிரி சாக்ஸபோன் கீழே இறங்கி வந்தது. கேட்டு முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தார். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருஷக்கணக்காகத் தான் எழுதியதையெல்லாம் நினைத்துப் பார்த்தார், கலியமூர்த்தி எப்படிச் சிரிப்பார் என்பதையும் நினைத்துப் பார்த்தார். அப்புறம் சத்தம் நீக்கும் மென்பொருள் ஒன்றைத் திறந்தார். மூச்சை மட்டும் அழித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், எல்லாவற்றையும் அழித்தால் பதிவே அவ்வளவு சுத்தம் என்று நம்புவார்கள். இருமலை அழித்தார், நாற்காலியை அழித்தார், கண்ணாடியை அழித்தார், மூச்சை அழித்தார், குழந்தையை அழித்தார். சுத்தம் செய்யாத ஃபைலையும் அழித்தார். டேப்பை உருவி, சோளம் போட்டிருந்த தெரிந்தவர் ஒருவரிடம் குருவி விரட்டக் கொடுத்துவிட்டார். பதிவைக் குழுவில் போட்டபோது பின்டோ கட்சி பட்டாசு படம் போட்டது. கலியமூர்த்தி ஒரே ஒரு வரி எழுதினார்: “ஹாலில் ஒருத்தர்கூடவா இருமவில்லை?”

மறுநாள் காலையில்தான் டீக்கடையில் இருமல் நின்றது.

ஊர் பழகிக்கொள்ளும், தானும் பழகிக்கொள்ளலாம் என்று இன்னாசி நினைத்திருந்தார். நாற்காலி வரைக்கும், கண்ணாடி வரைக்கும், ஏன், மூச்சு வரைக்கும்கூட அப்படி நினைத்துக்கொண்டிருக்க முடிந்தது. பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், ஜெசிந்தா அசந்து தூங்க, செலின் கொல்லையில் துணி காயப்போட, இன்னாசி தூளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஹெட்போனும் ஃபோனுமாக மெல்போர்ன்காரர் ஒருவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். தூளி அசையவில்லை, கொலுசு பேசவில்லை. ஜெசிந்தா எழுந்து வந்து தூளியை விலக்கியபோது குழந்தையின் கழுத்து மடிப்பில் கட்டெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குழந்தை வாயை முழுதாகத் திறந்தபடி நீலம் பாரித்திருந்தது. எவ்வளவு நேரமாக அழுதது என்று யாருக்கும் தெரியாது.

ஜெசிந்தா கத்தவில்லை. எறும்பைத் தட்டி, குழந்தையைத் தோளில் போட்டு, முதுகை நீவி, அதற்கு மூச்சு சீராக வந்த பிறகு சொன்னாள்:

“ஏப்பா, பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க.”

“கேக்கலைம்மா.”

“கேக்காதுன்னு தெரியும்லப்பா. பாக்கலாம்ல.”

அன்றைக்கே இன்னாசி சோளக்காட்டுக்கு ஓடினார். டேப் வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிந்து, குச்சிக்குக் குச்சி விரல் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சேர்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்து வீட்டில் பரப்பினார், தொட்டதும் பொடியானது. அப்புறம் இணையத்தில் தேட ஆரம்பித்தார். முன்பு தேடியது ஆசையில், இப்போது தேடியது பயத்தில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர் விரலிலேயே தெரிந்தது. தெரியாத ஊர்களில் தெரியாத ஆட்களுக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார், இந்தப் பாட்டு, இந்த ஹால், இந்த வருஷம், சுத்தம் செய்யாத நகல் இருக்கிறதா, இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, இரைச்சல்தான் வேண்டும். இரைச்சலை விலை பேசும் பைத்தியக்காரன் யார் என்று அங்கே ஒரு பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பதில் வந்ததெல்லாம் அவர் சுத்தம் செய்த பதிவின் நகல்தான், அது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது, லிஸ்பனில் ஒருவர் அதற்கு அட்டைப் படம்கூட வரைந்திருந்தார். திறந்த ஒவ்வொன்றிலும் அதே பளிங்குச் சுத்தம், அதில் எங்கேயும் ஒரு குழந்தை இல்லை. வீட்டில் மூன்று பேரும் முறைவைத்துக் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்கள், பார்த்துப் பார்த்து, அது சிரித்தால்கூட அழுகிறதோ என்று பதறினார்கள்.

கடைசியில் குழுவிலேயே கேட்டார். கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. “நான் போட்ட பதிவு சுத்தம் செய்தது. அதில் மூச்சு இருந்தது. வாசித்தது குழந்தைசாமி. மூச்சை அழித்தது நான். யாரிடமாவது பழைய நகல் இருந்தால் கொடுங்கள், என் பேத்திக்கு வேண்டும்.” எழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், தூளிக்குள் குழந்தையின் வாய் திறந்ததைப் பார்த்ததும் அழுத்திவிட்டார். பெர்த்திலிருந்து குழுவை நடத்தும் மொரீன் அம்மாள், “ஒரு மனுஷனோட மூச்சையா அழிச்சீங்க?” என்று கேட்டார். மற்றவர்கள் அவர் சொன்னதை நம்பவே இல்லை. பின்டோ கட்சிக்காரர்கள் இன்னாசி விலைபோய்விட்டார் என்றார்கள், துபாய்க்காரர் ஒருவர் வயதாகிவிட்டால் ஃபோனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று புத்திமதி சொன்னார்.

கலியமூர்த்தி குழுவில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் ஃபோன் செய்தார்.

“இன்னாசி சார், மூச்சு எங்க எங்க வருது சொல்லுங்க.”

“ஆரம்பத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. கடைசியா கீழ இறங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. அதுக்கு முன்னாடி எச்சில் முழுங்குவாரு.”



“அப்ப நீங்க நெசமாவே கேட்டிருக்கீங்க.”

“கேட்டேன் சார்.”

“கேட்டுட்டு அழிச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“நாளைக்கு வீட்டுக்கு வாங்க,” என்றார் கலியமூர்த்தி.

திருவெறும்பூர் வீட்டில் கலியமூர்த்தி தனியாக இருந்தார். காப்பி கொடுத்து, தான் அழித்த வரிசையையும் ஊர் இழந்த வரிசையையும் இன்னாசி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு பீரோவைத் திறந்து வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த டேப்பேதான், காலேஜ் படிக்கிற காலத்தில் யாரிடமோ ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் இரவல் வாங்கி, ஒரு மெஷினுக்கு முன்னால் இன்னொரு மெஷினை வைத்து, கூடத்திலேயே பதிவு செய்தது.

இன்னாசி கேசட்டைத் தொட்டுப் பார்த்தார். “இத்தனை வருஷமா வச்சுக்கிட்டா சார் என்கூட சண்டை போட்டீங்க? இதப் போட்டிருந்தா ஒரே நாள்ல நான் தோத்திருப்பேனே.”

“போடலாம். இதுல எங்கம்மா இருக்கு.”

தனியாவர்த்தனத்தின் நடுவில், சரியாகக் குழந்தை அழும் இடத்தில், அடுப்படியிலிருந்து அவர் அம்மா கத்தியிருந்தார். பதிவு கெட்டுப்போச்சு என்று கலியமூர்த்தி அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்துபோனார், ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அந்த அம்மாளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

“குரூப்புல போட்டா என்னாகும்? நடுவுல யாரு அந்தப் பொம்பளைன்னு கேப்பாங்க. உங்கள மாதிரி ஒருத்தர் சுத்தம் பண்ணிக் குடுப்பாரு.”

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் கலியமூர்த்தியும் குத்தவில்லை, மேஜைமேல் இருந்த கேசட்டைப் பொன்மலைக்குக் கொண்டுவர எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, இன்ஸ்டிடியூட் ஹாலில் வைத்துப் போட்டார்கள். அங்கே வைத்துத்தான் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வேறு எங்கே வைத்துப் போடுவது என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை. முந்தைய நாள் வரவேற்பின் வாழைமரம் இன்னும் வாசலில் சாய்ந்திருந்தது. ஜெசிந்தா குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள், செலின் ஜபமாலையோடு பக்கத்தில். கலியமூர்த்தி முன்யோசனைக்காரர், கேசட்டை ஏற்கனவே ஃபோனில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார், கையோடு டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்திருந்தார். பொத்தானை அழுத்தினார்.

கேசட்டில் ஒரு ஆள் இருமினான். அதே நொடியில் வெளியே டீக்கடையில் யாரோ இருமினார்கள், அப்புறம் இன்னொருவர், அப்புறம் மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி கடைவீதி முழுக்க இருமியது. கேசட்டில் நாற்காலி கிறீச்சிட்டது, செலின் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள், அதுவும் கிறீச்சிட்டது, அவள் அதற்கே அழுதாள். கலியமூர்த்தி கேசட்டை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். இருமல் இல்லை. நாற்காலி இல்லை. சுத்தமாக இருந்தது. ஃபோனை எடுத்து அதிலிருந்த நகலைப் போட்டுப் பார்த்தார், அதிலும் இல்லை. ஊருக்குள் போன சத்தம் எல்லா இடத்திலிருந்தும் போயிருந்தது.

அவர் முகம் மாறியதை இன்னாசி பார்த்தார். என்ன நினைக்கிறார் என்பதும் தெரிந்தது. குழந்தை அழும் இடமும் அம்மா கத்தும் இடமும் ஒன்று. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது, போட்டால் அம்மா குரலும் கேசட்டை விட்டுப் போய்விடும்.

கலியமூர்த்தி மறுபடி போட்டார். கிளாசுகள் மோதின, முதல் மூச்சு ஈரத்துணியாகக் கிழிந்தது, ஹாலில் இருந்த ஐந்து பேரின் மூச்சும் அவரவர் காதுக்குத் திரும்பி வந்தது, சாக்ஸபோன் எழுந்தது. அது எழுந்து மேலே போய் நின்ற இடத்தில் கலியமூர்த்தி டக்கென்று நிறுத்திவிட்டார். விரல் பொத்தான் மேலேயே இருந்தது. “நாற்பத்தஞ்சு வருஷம்,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.  போடுங்கள் என்று இன்னாசி கெஞ்ச வாயெடுத்தார், கேட்க வாயில்லை. வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்வதுதான் நியாயம் என்றும் பட்டது, அதையும் சொல்லத் துணிவில்லை. 

ஜெசிந்தாவின் மடியில் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. உடம்பை விறைத்துக்கொண்டு, விரலை அசைக்காமல், வாயைத் திறந்தது. திறந்த வாய் திறந்தபடி இருந்தது, உதடு நடுங்கியது, கண்ணோரம் நிரம்பி வழிந்தது, ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. ஜெசிந்தா குழந்தையை மாற்றி மாற்றித் தோளில் போட்டாள். கலியமூர்த்தி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு நேரமாவா இப்படியே அழுவும்?”

“நாங்க பாக்குற வரைக்கும் அழுவும்ண்ணே,” என்றாள் செலின்.

கலியமூர்த்தி பொத்தானை அழுத்தினார்.

அப்புறம் வந்தது எல்லாம் ஒன்றாக வந்தது. பின்வரிசையில் ஏதோ ஒரு பழைய குழந்தை வீறிட்டது, அதே வீறலில் ஜெசிந்தாவின் மடியிலிருந்த குழந்தை தொடர்ந்தது, காலனியில் வீட்டுக்கு வீடு, தொட்டிலுக்குத் தொட்டில், பிறந்தது முதல் அழுத அழுகையெல்லாம் கிளம்பி கூரை ஓடுகளைத் தூக்கியது. அதற்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பெண்குரல் ஹாலை விட்டுக் கிளம்பித் தெருவில் போனது: “டேய் கலியா, பால் பொங்குதுடா, அடுப்ப அணைடா. இந்த வீட்ல ஒருத்தருக்காச்சும் காது கேக்குதா?” பொன்மலையில் அந்த நேரத்தில் அடுப்பில் பால் வைத்திருந்த அத்தனை பெண்களும் போட்டது போட்டபடி அடுப்படிக்கு ஓடினார்கள். சாக்ஸபோன் யாருக்கும் காத்திராமல் கீழே இறங்கி வந்து முடித்தது. இன்னாசி பேத்தியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காதுக்குள் அது கத்தக் கத்த, வாய்விட்டு அழுதார்.

அந்தக் குரல் அதோடு போகவில்லை. தினமும் சாயங்காலம், பால்காரர் வந்துபோன பிறகு, இன்ஸ்டிடியூட் பக்கமாகக் கிளம்பித் தெருத்தெருவாக வருகிறது. ஊர் அதையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டது. பொன்மலையில் இப்போது பால் பொங்கி வழிவதில்லை. காது மந்தமான கிழவர்கள்கூட அந்தக் கேள்வி வந்ததும் “கேக்குது, கேக்குது” என்று முனகுகிறார்கள், பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள், மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி புகார் எழுதப்போய், யார்மேல் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். குழுவில் சண்டை இன்னும் நடக்கிறது. கேசட்டில் இப்போது மூச்சு இல்லை, அத்தாட்சி கிடையாது, பின்டோவா குழந்தைசாமியா என்று பெர்த்தும் துபாயும் அடித்துக்கொள்கின்றன. விடை தெரிந்த இரண்டு பேரும் அதில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

கலியமூர்த்தி தினமும் டவுன் பஸ் பிடித்து வந்து இன்ஸ்டிடியூட் வாசல் சிமெண்டு பெஞ்சில் உட்காருகிறார். இன்னாசி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருகிறார். ஒரு நாள் குரல் கிளம்புகிற நேரம் பார்த்துக் குழந்தை வீறிட ஆரம்பித்தது. இன்னாசி பதறிப்போய், வாயில் விரலை வைத்து, முதுகைத் தட்டி, எழுந்து அந்தப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார்.

“உக்காருங்க சார். அழட்டும்,” என்றார் கலியமூர்த்தி. “அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

குழந்தை அழுதது. அழுகைக்கு நடுவே அந்த அம்மாள் பால் பொங்குவதைச் சொல்லி, அடுப்பை அணைக்கச் சொல்லி, இந்த வீட்டில் ஒருத்தருக்காவது காது கேட்கிறதா என்று கேட்டாள்.

“கேக்குதும்மா,” என்றார் கலியமூர்த்தி. சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்கப் போகிறவர் மாதிரி எழுந்து நின்றார்.